சத்தமும் கூட்டமும் ஒத்துக்கொள்ளாதவர்களோடு அருங்காட்சியகம் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்தம், வெளிச்சம், வாசனை, தொடுகை என்று ஏதோ ஒன்று மற்றவர்களைவிட அதிகமாகத் தாக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு அருங்காட்சியகம் போக நினைக்கும் குடும்பங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கடைசியில், அங்கே வேலை பார்ப்பவர்கள் கேட்கும் ஒரு கேள்வியும் உண்டு.

'அமைதி நேரம்', 'சென்சரி நேரம்' என்றெல்லாம் அறிவிக்கிறார்களே, அது என்ன?

வழக்கமான கூட்டம் வருவதற்கு முன்போ, கதவை மூடிய பிறகோ, கொஞ்சம் பேரை மட்டும் உள்ளே விடும் நேரம். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வராது. தானாக ஓடும் வீடியோக்களின் சத்தத்தைக் குறைத்திருப்பார்கள், அல்லது நிறுத்தியிருப்பார்கள். மின்னி மறையும் விளக்குகள் அணைந்திருக்கும். ஒதுங்கி உட்கார ஓர் அறை இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், அங்கே இருக்கும் ஊழியர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஒரு பிள்ளை தரையில் படுத்துக்கொண்டாலோ, ஒரே பெட்டியின் முன்னால் அரை மணி நேரம் நின்றாலோ யாரும் ஓடி வந்து விசாரிக்க மாட்டார்கள்.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2011 முதல் 'மார்னிங் அட் த மியூசியம்' என்ற பெயரில் இதை நடத்துகின்றன. லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் 'எர்லி பேர்ட்ஸ்' என்று ஒரு காலை நேர ஏற்பாடு உண்டு. இதை யாரோ மனமிரங்கிச் செய்யும் சலுகையாகப் பார்க்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்க்கையில் பங்கெடுக்கும் உரிமையைச் சொல்கிறது. அதில் அருங்காட்சியகம் என்ற சொல்லே இருக்கிறது.

டாக்டர் சான்றிதழ் கேட்பார்களா?

பெரும்பாலும் கேட்பதில்லை. முன்பதிவு மட்டும் தேவைப்படும். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்) என்று பெயர் சொல்லப்பட்ட பிள்ளைகள் மட்டும்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. இன்னும் பரிசோதனைக்கே போகாத பிள்ளையாக இருந்தாலும், இந்த நேரம் உங்களுக்குத் தோதானதாக இருந்தால் தயங்காமல் பதிவு செய்யுங்கள்.

என் மகன் வீட்டில் டிவியை அலற விடுகிறான். மியூசியத்தில் யாரோ இருமினால்கூடக் காதைப் பொத்திக்கொள்கிறான். நடிக்கிறானோ என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

நடிக்கவில்லை. டிவி ரிமோட் அவன் கையில் இருக்கிறது. எப்போது சத்தம் வரும், எப்போது நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். மியூசியத்தில் அடுத்த நொடி எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று தெரியாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பதில் பாதி இதுதான்: சத்தத்தின் அளவு ஒரு பங்கு என்றால், அது எதிர்பாராமல் வருவது இன்னொரு பங்கு.

இது ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மட்டும் பொருந்துவதும் இல்லை. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு உளவியலாளர்கள் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாதாரணப் பெரியவர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். ஒழுங்கான இடைவெளியில் வந்த இரைச்சலைவிட, தாறுமாறாக வந்த இரைச்சல்தான் அவர்களை அதிகம் களைப்பாக்கியது. வேண்டாம் என்றால் சத்தத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு பொத்தானைக் கொடுத்தபோது, அதை அழுத்தாதவர்கள்கூட அவ்வளவாகச் சோர்ந்து போகவில்லை. நிறுத்த முடியும் என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது. சாதாரணமானவர்களுக்கே இப்படி என்றால், ஏற்கெனவே புலன்கள் கூர்மையாக வேலை செய்யும் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லலாம்.

இன்னொன்று. புலன் தூண்டலுக்கு அளவுக்கு மீறியோ, மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது, அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேட்டில் ஆட்டிசத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரே பிள்ளையிடம் இரண்டுமே இருக்கலாம். காதில் விழும் சத்தம் தாங்காது, ஆனால் சுவரில் போய் முட்டிக்கொள்வது பிடிக்கும். இதில் முரண்பாடு எதுவும் கிடையாது.

மியூசியம் அமைதியான இடம்தானே, அங்கே எது தொந்தரவு செய்கிறது?

அமைதியான இடம்தான், ஆனால் வழவழப்பான கல் தரையும் உயர்ந்த கூரையும் உள்ள இடம். ஒரு நாற்காலியை இழுத்தால் அந்தச் சத்தம் கூடம் முழுக்கச் சுற்றி வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐம்பது பேர் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆள் அருகில் வந்ததும் தானாகக் கர்ஜிக்கும் டைனோசர், திடீரென்று இடிக்கும் மின்னல் காட்சி இவை தனி ரகம். மற்ற பிள்ளைகளுக்குப் பிடித்த பொருளே இந்தப் பிள்ளைக்குப் பயங்கரமாக இருக்கும்.

வெளிச்சத்தில் வேறு விதமான சிக்கல். பழைய துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் இவை மங்கிப்போகாமல் இருக்க, அந்த அறைகளில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்ற மங்கலான அளவுக்குத்தான் வெளிச்சம் வைப்பார்கள். கண்ணாடிக் கூரையிட்ட பளிச்சென்ற முன்கூடத்திலிருந்து நேராக அந்த அறைக்குள் நுழைந்தால் யாருக்குமே கொஞ்ச நேரம் கண் சரியாகத் தெரியாது. வாசலிலேயே நின்று கண் பழகிய பிறகு உள்ளே போனால் பாதி அழுகை குறையும். பழைய வகை டியூப்லைட்டுகள் நொடிக்கு 100 அல்லது 120 தடவை துடிக்கும். நம்மில் பலருக்கு அது தெரிவதில்லை, சிலருக்குத் தலைவலியாகவே வந்து நிற்கும்.

அப்புறம் கழிப்பறை. இதை யாரும் யோசிப்பதில்லை. பல குடும்பங்களின் வருகை அங்கேதான் முடிந்துபோகிறது. கை உலர்த்தும் இயந்திரம் பெரியவர்களின் காதுக்குக் கீழே ஊதுகிறது, குழந்தையின் காதுக்கு நேரே ஊதுகிறது. கனடாவில் ஒரு பள்ளி மாணவி 44 இயந்திரங்களின் சத்தத்தைக் குழந்தைகளின் காது உயரத்திலும் அளந்து பார்த்து, 2019இல் ஒரு குழந்தை மருத்துவ இதழில் கட்டுரையே வெளியிட்டார். சில இயந்திரங்கள் 100 டெசிபலைத் தாண்டின. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவு. 'காது வலிக்கிறது' என்று குழந்தை சொன்னால் அது உண்மையாகவே வலிக்கிறது. தானாகத் தண்ணீர் கொட்டும் கழிப்பறை என்றால், சின்ன ஒட்டுத்தாள் ஒன்றை அதன் சென்சார் மேல் ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் எடுத்துக்கொண்டால் அதற்குப் பிறகுதான் தண்ணீர் வரும். உங்கள் பிள்ளையையே எடுக்கச் சொல்லலாம், அப்போது சத்தம் எப்போது வரும் என்பது அவன் கையில் இருக்கிறது.

கண்ணாடித் தரை, இடைவெளி தெரியும் படிக்கட்டு, எஸ்கலேட்டர் இவை உடலின் சமநிலை உணர்வைக் குழப்பும். பசி, சிறுநீர் முட்டுவது போல உடம்புக்குள்ளிருந்து வரும் உணர்வுகள் சில பிள்ளைகளுக்குக் கடைசி நொடி வரை தெரியாது. அதனால் 'வருதா?' என்று கேட்காமல், கடிகாரத்தைப் பார்த்து அழைத்துப் போவது நல்லது.

போவதற்கு முன் பிள்ளையை எப்படித் தயார்செய்வது?

முன்கூட்டியே காட்டுங்கள். நுழைவாயில், டிக்கெட் கொடுக்கும் இடம், பை சோதிக்கும் இடம், முதலில் பார்க்கப்போகும் கூடம், கழிப்பறை, வெளியே வரும் வழி என்று வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: 'இங்கே ஒருவர் நம் பையைத் திறந்து பார்ப்பார். பிறகு திருப்பிக் கொடுப்பார்.' கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'சோஷியல் ஸ்டோரி' முறையைத் தழுவி, பல அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்ட படக்கதைகளைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. இல்லையென்றால், நீங்கள் ஒரு தடவை தனியாகப் போய் போனில் படம் எடுத்து வந்துவிடுங்கள். பெற்றோர் செய்யக்கூடியதில் இதைவிடப் பலன் தருவது எதுவும் இல்லை என்பது என் எண்ணம். விலை உயர்ந்த ஹெட்போனுக்கும் முன்னால் இதைத்தான் வைப்பேன்.

கதையில் பொய் வேண்டாம். 'ரொம்ப ஜாலியாக இருக்கும்' என்று எழுதாதீர்கள், இருக்குமா என்று உங்களுக்கே தெரியாது. 'சத்தம் வரலாம். வந்தால் காதுமூடியைப் போட்டுக்கொள்ளலாம். வெளியே போகணும் என்றால் இந்த அட்டையைக் காட்டலாம்' என்று எழுதுங்கள். அந்த அட்டையை அவன் காட்டியதும் ஒரு கேள்வியும் கேட்காமல் உடனே வெளியே வர வேண்டும். ஒரு தடவை 'இரு, இதை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று சொல்லிவிட்டால், அப்புறம் அந்த அட்டைக்கு மதிப்பே இருக்காது.

நேரிலோ போனிலோ மியூசியத்திடம் என்னவெல்லாம் கேட்கலாம்?

எந்த நாள், எந்த மணிக்குக் கூட்டம் குறைவு? பள்ளிக் குழுக்கள் எப்போது வந்து எப்போது கிளம்பும்? வெளியே போய்விட்டு அதே டிக்கெட்டில் திரும்ப உள்ளே வரலாமா? காகிதத்தில் கை துடைக்கும் கழிப்பறை எங்கே? நுழைவாயிலில் உலோகச் சோதனைக் கருவி 'பீப்' அடிக்குமா, ஆளைத் தொட்டுச் சோதிப்பார்களா? எந்தக் கூடங்களில் தானாகச் சத்தம் வரும்? சில இடங்களில் சத்தமான பகுதி, இருட்டான பகுதி, அமைதியான மூலை எல்லாவற்றையும் குறித்த 'சென்சரி மேப்' இருக்கும், அதைக் கேளுங்கள்.

இன்னொரு கேள்வியையும் மறக்க வேண்டாம்: கடை வழியாகப் போகாமல் வெளியே வர முடியுமா? பல அருங்காட்சியகங்களில் வெளியேறும் வழி பரிசுப்பொருள் கடைக்குள்ளேதான் போகும். பளிச்சென்ற விளக்கு, நெரிசல், எட்டும் உயரத்தில் பொம்மைகள். பிள்ளை முழுவதுமாகக் களைத்திருக்கும் நேரத்தில் அதைக் கடக்கச் சொல்வது கொடுமை. கேட்டால் பெரும்பாலும் வேறு கதவைக் காட்டுவார்கள்.

எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மியூசியத்தில் இப்படி எந்த ஏற்பாடும் இல்லை. அப்போது?

நீங்களே ஓர் அமைதி நேரத்தை உருவாக்கிக்கொள்ளலாம். வார நாளில், கதவு திறந்தவுடன், அல்லது பள்ளிக் குழுக்கள் கிளம்பிய பிறகு மாலையில் போங்கள். கூட்டம் முதலில் மொய்க்கும் கூடத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, உள்ளே தள்ளியிருக்கும் பானை ஓடு, நாணயம், பாறை இருக்கும் அறைகளிலிருந்து தொடங்குங்கள். அங்கே பெரும்பாலும் காவலரைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். முதல் தடவை முன்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தாலே போதும். அடுத்த தடவை ஒரு கூடம்.

என்ன எடுத்துப் போகலாம்?

காதை முழுவதும் மூடும் வகைக் காதுமூடி 20 முதல் 30 டெசிபல் வரை சத்தத்தைக் குறைக்கும். இரைச்சல் நீக்கும் எலெக்ட்ரானிக் ஹெட்போன், ஏ.சி. போன்ற ஒரே சீரான முனகலுக்கு நன்றாக வேலை செய்யும். திடீரென்று ஒரு குழந்தை வீறிட்டால் அவ்வளவாகப் பயன்படாது. இரண்டில் எதுவானாலும் வீட்டிலேயே போட்டுப் பழகியிருக்க வேண்டும். தொப்பி அல்லது கூலிங் கிளாஸ், கையில் பிசையப் பழக்கமான ஒரு பொருள், குடிக்கத் தண்ணீர். மாற்றுடை ஒன்று. அவ்வளவுதான், பையைக் கனமாக்க வேண்டாம். ஆனால் ஒன்று, சில பிள்ளைகளுக்கு முதுகில் கொஞ்சம் கனமான பை இருந்தால் உடம்பு நிதானப்படும். உங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாடச் செயல்களுக்கும் புலன் சிக்கல்களுக்கும் பயிற்சி தருபவர்) எவ்வளவு எடை என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

'தொடாதே' என்று எங்கும் எழுதியிருக்கிறது. எங்கள் மகள் தொட்டுத்தான் எதையும் புரிந்துகொள்வாள்.

பொருளைக் காப்பதற்காக வைத்த விதி, அதில் நியாயம் இருக்கிறது. தோலில் உள்ள எண்ணெயும் உப்பும் உலோகத்தையும் கல்லையும் மெல்ல அரிக்கும். அதற்காக அவளை வெறும் கையோடு நடக்கவிட வேண்டியதில்லை. தொட்டுப் பார்க்கவென்று மாதிரிகள் வைத்த பெட்டி இருக்கிறதா என்று தகவல் மேசையில் கேளுங்கள், பல இடங்களில் உள்ளே எடுத்து வைத்திருப்பார்கள், கேட்டால்தான் வரும். இத்தாலியின் அங்கோனா நகரில் 'ஓமேரோ' என்ற அருங்காட்சியகம் 1993 முதல் இருக்கிறது. பார்வையற்றவர்களை மனதில் வைத்துத் தொடங்கியது. அங்கே சிற்பங்களைத் தொடலாம், தொடத்தான் வேண்டும். இப்படியும் ஓர் அருங்காட்சியகத்தை நடத்த முடிகிறது என்பது நினைவில் இருக்கட்டும்.

காட்சிக்கூடத்தில் நுழைவதற்கு முன், வெளியே படியேறி இறங்குவது, சுவரை இரு கையாலும் தள்ளுவது என்று தசைக்கு வேலை கொடுத்தால் சில பிள்ளைகளின் கை கொஞ்ச நேரம் அலைபாயாமல் இருக்கும்.

உள்ளே மெல்ட்டவுன் வந்துவிட்டால்?

மெல்ட்டவுன் என்பது, புலன்களின் சுமை தாங்காமல் பிள்ளை கட்டுப்பாடு இழந்து கத்துவது, அழுவது. முதலில், இது அடம் இல்லை. அடம்பிடிக்கும் பிள்ளை கேட்டது கிடைத்ததும் நிறுத்தும், நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் கவனிக்கும். மெல்ட்டவுனில் பிள்ளையாலேயே அதை நிறுத்த முடியாது. அதனால் மிரட்டலும் வேலை செய்யாது, ஆசை காட்டுவதும் வேலை செய்யாது.

பேச்சைக் குறையுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள், அதுவும் 'நான் இருக்கேன்' என்பது போல இரண்டு சொல். 'என்ன ஆச்சு, எங்கே வலிக்குது, ஏன் இப்படிப் பண்றே' என்று கேட்டால் ஒவ்வொரு கேள்வியும் இன்னொரு சத்தம்தான். நகர்த்த முடிந்தால் இருட்டான, ஆளில்லாத பக்கம் போங்கள். முடியாவிட்டால் தரையில் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் உடம்பால் மறைத்துக்கொள்ளுங்கள். இறுக்கி அணைப்பது அவனுக்குப் பிடிக்கும் என்று முன்பே தெரிந்தால் மட்டும் அணையுங்கள். ஊழியர் வந்தால் 'கொஞ்சம் இடம் விட்டால் போதும், வேறு உதவி வேண்டாம்' என்று சொல்லுங்கள். அடங்கிய பிறகு பிள்ளை துவண்டுபோயிருக்கும், மிச்சத்தைப் பார்க்கலாம் என்று நினைக்காமல் வீட்டுக்குக் கிளம்புங்கள்.

சிலர் கத்த மாட்டார்கள். திடீரென்று பேச்சு நின்று, முகம் வெறித்து, சொன்ன இடத்தில் சொன்னபடி நிற்பார்கள். பார்ப்பவர்கள் 'எவ்வளவு சமத்து' என்பார்கள். அதுவும் அதே சுமைதான், உள்ளே பூட்டிக்கொண்டது. அப்போதும் வெளியே கூட்டிவர வேண்டும்.

மற்றவர்கள் முறைத்துப் பார்க்கிறார்களே?

பார்ப்பார்கள். நீங்கள் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக 2016இல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கிய சூரியகாந்திப் பட்டை இப்போது பல நாட்டு அருங்காட்சியகங்களிலும் புழக்கத்தில் இருக்கிறது. பச்சை நிறக் கழுத்துப் பட்டை, அதில் மஞ்சள் சூரியகாந்திப் பூக்கள். அதைப் பார்த்ததும் பயிற்சி பெற்ற ஊழியருக்குப் புரிந்துவிடும். போடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையிடமும் கேளுங்கள். வளர்ந்த பிள்ளைகள் சிலருக்கு அது பிடிக்காது, அந்த விருப்பத்துக்கு மரியாதை தர வேண்டும்.

கூடப்பிறந்தவளுக்கு எல்லாவற்றையும் பார்க்க ஆசை. பாதியில் கிளம்பினால் அவள் அழுகிறாள்.

முடிந்தால் பெரியவர்கள் இருவராகப் போங்கள், ஒருவர் வெளியே போனாலும் மற்றவர் அவளோடு இருக்கலாம். அவளுக்கென்று தனியாக ஒரு நாளும் ஒதுக்குங்கள். தம்பிக்காக எப்போதும் விட்டுக்கொடுப்பதே அவள் வேலையாகிவிடக் கூடாது.

எவ்வளவு நேரம் இருக்கலாம்?

முதல் தடவை 30, 40 நிமிடம் போதும். பிள்ளை நன்றாக இருக்கும்போதே கிளம்பிவிடுவது நல்லது, நல்லபடி முடிந்தது என்ற நினைவோடு அடுத்த தடவை வருவான். அவன் நேரம் முழுவதையும் லிஃப்ட் கதவு திறந்து மூடுவதைப் பார்ப்பதில் கழித்தால்? கழிக்கட்டும். பித்தளைப் பொத்தான், மேலே எரியும் எண், கதவு சேரும்போது வரும் மெல்லிய 'டிங்', இரண்டாம் தளத்தில் மட்டும் ஒரு நொடி தாமதமாகத் திறப்பது என்று நாம் கவனிக்காத அத்தனையையும் அவன் கவனித்திருப்பான். சோழர் காலச் சிலையைப் பார்க்கவில்லையே, டைனோசரைப் பார்க்கவில்லையே என்ற குறை நமக்குத்தான்.

நான் பெரியவன். எனக்கே கூட்டமும் விளக்கும் ஒத்துக்கொள்ளாது. இதெல்லாம் குழந்தைகளுக்குத்தானா?

இல்லவே இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை ஆட்டிசம் உள்ள பெரியவராகத்தான் வளர்கிறார். ஒற்றைத் தலைவலி, தலையில் அடிபட்ட பிறகு வெளிச்சமும் சத்தமும் கூசுவது, மனக்காயத்தால் திடீர் ஓசைக்கு உடல் அதிர்வது, மறதிநோய் இவற்றோடு வாழ்பவர்களுக்கும் இதே தேவைதான். குழந்தைகள் நிறைந்த காலை நேரம் பெரியவர்களுக்கு உண்மையில் அமைதியாகவும் இருக்காது. சயன்ஸ் மியூசியம் 16 வயதைக் கடந்தவர்களுக்கென 'நைட் அவுல்ஸ்' என்று மாலை நேரத்தைத் தனியாக வைத்திருக்கிறது. உங்கள் பக்கத்து மியூசியத்தில் அப்படி இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். கேட்பவர் இருக்கிறார்கள் என்று தெரியாமல்தான் பல இடங்களில் செய்யாமல் இருக்கிறார்கள்.

நான் மியூசியத்தில் வேலை பார்க்கிறேன். கையில் பணம் இல்லை. எங்கே தொடங்குவது?

கட்டடத்தைக் குழந்தையின் உயரத்தில் குனிந்து ஒரு சுற்று சுற்றி வாருங்கள். போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்று போதும். எங்கே சத்தம், எங்கே இருட்டு, எங்கே வாசனை, எங்கே உட்கார இடம் என்று தரைப்படத்தின் மேல் குறியுங்கள், உங்கள் சென்சரி மேப் தயார். தானாகச் சத்தம் எழுப்பும் காட்சிக்கு முன்னால் ஓர் எச்சரிக்கைப் பலகை வையுங்கள். வெளியே போனவர்கள் திரும்ப வர அனுமதியுங்கள். பயன்படாமல் கிடக்கும் ஓர் அறையில் நாற்காலி, பாய், மங்கலான விளக்கு.

பயிற்சியை வாசலில் நிற்கும் பாதுகாவலர்களிடமிருந்து தொடங்குங்கள். ஆய்வாளர்களைவிட, வருபவர்கள் முதலில் சந்திப்பது அவர்களைத்தான். திட்டமிடும்போதே ஆட்டிசம் உள்ள பெரியவர்களை அழைத்துக் கேளுங்கள், அவர்கள் நேரத்துக்குச் சம்பளமும் கொடுங்கள். வருடத்துக்கு ஒரே ஒரு நாள் விழாவாக நடத்துவதைவிட, மாதத்துக்கு ஒரு காலை என்று நிலையாக வைப்பது எவ்வளவோ மேல், குடும்பங்கள் அதை நம்பித் திட்டம் போட முடியும். அந்தத் தேதிகளையும் வாசல் முதல் கழிப்பறை வரையான படங்களையும் உங்கள் தளத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். எங்கோ உள்ளே ஒளித்து வைத்தால் வர வேண்டியவர்களுக்குத் தெரியவே தெரியாது.